காலி வாளிக்குள் செங்காந்தள்

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வடசென்னைத் தண்டையார்பேட்டையில் எங்கள் மொட்டை மாடி நான்கு குடித்தனத்துக்கும் பொது. துணி காயப்போடும் கயிற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் அவரவர் வாளி, அவரவர் செடி. நான் மேலே போனபோது எதிர்வீட்டு அக்கா என்னுடைய 20 லிட்டர் பெயின்ட் வாளியைக் கவிழ்த்து, மண்ணை உதிர்த்து, சிறுகீரை தூவத் தயாராக இருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வாளியில் இரண்டு மாதமாக ஒரு புல்கூட முளைக்கவில்லை. துவைக்கிற கல்லின்மேல், மண் ஒட்டியபடி, விரல் தடிமனில் வளைந்த இரண்டு கிழங்குகள் கிடந்தன. பக்கத்திலேயே அவருடைய தெர்மாகோல் பெட்டியில் இருந்து அப்போதுதான் தோண்டிய சேப்பங்கிழங்கு ஒரு முறம்.

“இன்னா தம்பி, சும்மா கெடக்குற வாளில கெழங்க பதுக்கி வச்சிகினு இருக்க? வேக வச்சா மாவா இருக்குமா?”

அது வேக வைக்கிற கிழங்கு இல்லை. செங்காந்தள் கிழங்கு. வேக வைத்தாலும் வறுத்தாலும் அதன் விஷம் போகாது.

அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை. கிழங்கை எடுத்துப் பையில் கட்டினேன். கல்லைக் கழுவி விட்டோம். அக்கா சோப்பு போட்டு இரண்டு தடவை கை கழுவிவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்தார். திட்டு நியாயமானதுதான். ஐந்து மாதம் கொடி பச்சையாக இருந்த வரைக்கும் ‘விஷச் செடி, தொடாதீர்கள்’ என்று எழுதி லேமினேட் செய்த அட்டை ஒன்றை அதன் தண்டில் கட்டி வைத்திருந்தேன். தை மாதம் கொடி காய்ந்தது. காய்ந்ததை அறுத்துக் குப்பையில் போட்டபோது அட்டையும் கூடவே போய்விட்டது. பூத்துக் குலுங்கிய நாட்களில் அதைச் சாப்பிடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்போது எச்சரிக்கை தொங்கியது. சாப்பாட்டுக் கிழங்கு மாதிரியே ஒன்று மண்ணுக்குள் கிடந்த மாதங்களில் எச்சரிக்கை இல்லை.

செங்காந்தளை வீட்டில் வளர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கல்லின் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டதுதான். வளர்க்கலாம். ஆனால் எல்லோரும் பூவைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது கொடி கண்ணில் படாமல் இருக்கும் அந்த ஆறு மாதத்துக்கு.

இந்தக் கொடியின் பெயர்களைக் கேட்டாலே நம் ஆட்கள் எதையெல்லாம் கவனித்தார்கள் என்பது புரியும். பூவைப் பார்த்தவர்கள் காந்தள் என்றார்கள். ஈழத்தில் அது பூக்கும் மாதத்தை வைத்துக் கார்த்திகைப் பூ. இலை நுனி சுருண்டு பற்றிக்கொள்வதைப் பார்த்தவர்கள் தலைச்சுருளி என்றார்கள். மண்ணைத் தோண்டியவர்களுக்கு அது கலப்பைக் கிழங்கு. இரண்டு கையாகப் பிரிந்து வளைந்து, நுனி கூர்மையாக, நிஜமாகவே ஏர்க்கலப்பை மாதிரி இருக்கும். வடமொழியில் இலாங்கலி என்பதற்கும் கலப்பைதான் அடிப்படை. விவசாயிகளும் வியாபாரிகளும் இன்றைக்குச் சொல்வது கண்வலிக் கிழங்கு. பூவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் வலிக்கும், அதனால் அந்தப் பெயர் என்பார்கள். நான் வாரக்கணக்கில் உற்றுப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் வலிக்கவில்லை. எங்கள் பக்கம் கண் எரிகிறது என்றால் எண்ணூர், மணலி ஆலைக் காற்றைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

தமிழ்நாட்டின் மாநில மலர் இதுதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பனை, வரையாடு, மரகதப்புறாவோடு சேர்த்து மனப்பாடம் செய்திருப்போம். நேரில் பார்த்தவர்கள் குறைவு. சங்கப் பாடல்களில் இது மலை நிலத்துப் பூ, முருகனுக்கு உரிய பூ. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரிசையாக வரும் 99 பூக்களில் முதலாவது செங்காந்தள். அதனாலேயே ‘மலைச் செடி ஆச்சே, கடலோரத்தில் வருமா?’ என்று கேட்கிறார்கள். தாராளமாக வரும். ஆப்பிரிக்காவில் தொடங்கி இந்தியா, இலங்கை வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை இது இயற்கையாகவே பரவியிருக்கிறது. மலையடிவாரம், வேலியோரம், முட்புதர், கடலோர மணல் எல்லாவற்றிலும் முளைக்கும். ஜிம்பாப்வேக்கும் இதுதான் தேசிய மலர். 1947-ல் அந்த நாடு ரொடீசியாவாக இருந்தபோது, அங்கே வந்த இளவரசி எலிசபெத்துக்கு அவருடைய 21-வது பிறந்தநாள் பரிசாக இந்தப் பூவின் வடிவத்தில் ஒரு வைர புரூச் செய்து கொடுத்தார்கள். நம் வேலியில் கிடந்தது அங்கே சட்டையில் ஏறியது.

பூவைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். மொட்டு பச்சையாகத் தலை குனிந்தபடி தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் கீழே விரியாமல் அப்படியே பின்பக்கமாக மடங்கி மேல்நோக்கி எழும். ஓரமெல்லாம் அலை அலையாக நெளியும். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள். அப்புறம் அடிப்பக்கம் மஞ்சளாகவே நிற்க, நுனியில் இருந்து சிவப்பு இறங்கும். சில நாளில் முழுசும் சிவந்துவிடும். ஒரே கொடியில் மூன்று நான்கு வயதுப் பூக்கள் சேர்ந்து இருக்கும்போது அடுப்புத் தீயை எட்டிப் பார்ப்பது போலவே இருக்கும். ஆறு மகரந்தத் தண்டுகள் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். சூல்தண்டு மட்டும் ‘எனக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை’ என்பதுபோல் அடியிலேயே செங்கோணத்தில் மடங்கி வேறு பக்கம் போய்விடும். அதனால் தன் மகரந்தம் தானே விழுந்து காய் பிடிப்பது கஷ்டம். பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வர வேண்டும். எங்கள் மாடியில் பூ நிறைய, காய் ஒன்றிரண்டு. அதுவும் நல்லதற்குத்தான்.

ஏனென்றால் காய்க்குள் இருக்கும் விதையிலும், மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலும்தான் கோல்ச்சிசின் என்ற விஷம் அதிகம். கொடியின் எல்லாப் பாகத்திலும் அது உண்டு. இந்த இரண்டில் செறிவாக உண்டு. 1820-ல் பிரான்சில் பெல்லத்தியே, காவந்து என்ற இரண்டு வேதியியலாளர்கள் ஐரோப்பாவில் இலையுதிர் காலத்தில் பூக்கும் கோல்ச்சிகம் என்ற செடியில் இருந்து இந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அந்தச் செடியும் நம் காந்தளும் ஒரே குடும்பம். கோல்ச்சிசின் வேறொன்றும் இல்லை, கௌட் என்கிற, யூரிக் அமிலம் ஏறி மூட்டு வீங்கும் நோய்க்கு டாக்டர் எழுதித் தரும் மாத்திரை இருக்கிறதே, அதுவேதான். அந்த மாத்திரை ஒன்றில் இருப்பது 0.5 மில்லி கிராம். காய்ந்த விதையில் எடைக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கோல்ச்சிசின் இருக்கும். குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். 0.7 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கிராம் விதையில் 7 மில்லி கிராம் ஆகிறது, அதாவது 14 மாத்திரை. கிழங்கில் அளவு செடிக்குச் செடி, மண்ணுக்கு மண் மாறும். ஆனால் கிழங்கை யாரும் ஒரு கிராம் சாப்பிடுவதில்லை. பொரியல் அளவுக்குச் சாப்பிடுவார்கள்.

உடம்புக்குள் போய் அது செய்கிற வேலையைத் தெரிந்துகொண்டால், வரும் அறிகுறிகள் ஏன் அந்த வரிசையில் வருகின்றன என்பதும் புரிந்துவிடும். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய கயிறுகள் உருவாகி, குரோமோசோம்களை ஆளுக்குப் பாதியாக இரண்டு பக்கமும் இழுக்கும். அந்தக் கயிறுகள் டியூபுலின் என்ற புரதத்தைத் திரித்துச் செய்தவை. கோல்ச்சிசின் போய் டியூபுலினைப் பிடித்துக்கொள்கிறது. கயிறு திரிக்க முடியாமல் போகிறது. காசிமேட்டில் வலை இழுக்கும்போது பாதியில் கயிறு அறுந்தால் எப்படியோ அப்படி, செல் பாதியில் நின்றுவிடும். எந்தத் திசு அடிக்கடி பிரிந்து புதிதாகிக்கொண்டே இருக்கிறதோ அதுதான் முதலில் அடி வாங்கும். குடலின் உள் தோல், எலும்பு மஜ்ஜை, முடியின் வேர்.

சாப்பிட்ட சில மணி நேரத்தில் வாய், தொண்டை எரிச்சல், அடக்க முடியாத வாந்தி, வயிற்றுப்போக்கு. இது குடல். பார்க்கிறவர்கள் ‘நேற்று ராத்திரி கடையில் தின்ன பிரியாணிதான்’ என்று சொல்லி எலக்ட்ரால் கரைத்துக் கொடுப்பார்கள். சிலருக்கு அடுத்த நாள் கொஞ்சம் தேறியது போலவும் தோன்றும். ஏமாறக்கூடாத இடம் அது. இரண்டாம் நாளில் இருந்து ஒரு வாரத்துக்குள் மஜ்ஜை ரத்த அணுக்களைச் செய்வதை நிறுத்தும். சிறுநீரகம், கல்லீரல், இதயம், மூச்சு என்று ஒவ்வொன்றாகத் தடுமாறும். உயிர் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். இதைத் தாண்டிப் பிழைத்தவர்களுக்கு அடுத்தடுத்த வாரங்களில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டும்; அப்புறம் மெல்ல முளைத்துவிடும்.

இதற்கு ஊசி போட்டதும் இறங்குகிற மாற்று மருந்து கிடையாது. 1990-களில் பிரான்சில் ஒரு நோயாளிக்கு எதிர்ப்புப் புரதம் ஒன்றைக் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். அது மருந்துக்கடை வரை வரவில்லை. ஆகவே மருத்துவமனைக்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதுதான் எல்லாமே. சீக்கிரம் போனால் உறிஞ்சுகிற கரித்தூள் கொடுத்துக் குடலில் மிச்சம் இருப்பதையாவது பிடிக்கப் பார்ப்பார்கள். அதற்கு மேல், உறுப்புகளைத் தாங்கிப் பிடித்து உடம்பு தானாக மீளும் வரை காப்பதுதான் சிகிச்சை. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கிறேன், மோர் கொடுக்கிறேன் என்று வீட்டில் நேரத்தைக் கழிக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட வேண்டும். எங்கள் பக்கத்துக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை கிட்டே; சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் விஷ முறிவுக்கென்றே தனி மையம் உண்டு. எங்கே போனாலும் மிச்சமிருக்கும் கிழங்கையோ ஒரு துண்டு கொடியையோ பையில் போட்டு எடுத்துப் போய், ‘கண்வலிக் கிழங்கு சாப்பிட்டுவிட்டார்’ என்று பெயரோடு சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அது சாதாரண வயிற்றுப்போக்காகவே பார்க்கப்படும்.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கும் சம்பவங்களில் ஒரு பகுதி தெரிந்தே சாப்பிட்டது. அது வேறு துயரம். மற்றொரு பகுதி சர்க்கரைவள்ளி என்றோ வேறு வள்ளிக் கிழங்கு என்றோ தவறாக நினைத்துச் சமைத்தது. பூவைத் தொட்டு யாரும் சாகவில்லை. பறித்து முகர்ந்து பார்த்தாலும் ஒன்றும் ஆகாது. கிழங்கின் சாறு தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், அவ்வளவே. அதனால் நடும்போதும் தோண்டும்போதும் கையுறை, வேலை முடிந்ததும் சோப்பு. இது போதும்.

விஷம் என்ற வார்த்தையைக் கேட்டதும் ‘அதைப் போய் வீட்டில் வைப்பார்களா’ என்று கேட்பவர்களிடம் நான் அவர்கள் வீட்டுப் பிள்ளையாரைக் காட்டுவேன். விநாயகர் சதுர்த்திக்கு பெரம்பூர் மார்க்கெட்டில் வாங்குகிற களிமண் பிள்ளையாருக்குக் கண் எது? குண்டுமணி. சிவப்பு உடம்பு, கறுப்பு மூக்கு. அதுவும் நம் ஊர்க் கொடிதான், அதுவும் பூக்கிற கொடிதான், அதன் விதையில் இருக்கும் அப்ரின் கோல்ச்சிசினுக்குச் சளைத்ததில்லை. ஓடு கெட்டியாக இருப்பதால் முழுசாக விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து மென்றால் கதை வேறு. அந்தக் காலத்தில் பொற்கொல்லர்கள் தங்கம் நிறுத்ததும் இதை வைத்துத்தான். அப்புறம் அரளி. சாலை நடுவே வரிசையாக அரளி, கோயில் நந்தவனத்தில் அரளி, சாமி படத்துக்கு அரளி மாலை. மஞ்சள் அரளிக் கொட்டை இதயத்தை நிறுத்தக்கூடியது என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். அரளியோடு ஒன்றாக வாழ்கிறோம், ஏனென்றால் அது அரளி என்று எல்லோருக்கும் தெரியும். காந்தளுக்கு அந்த அறிமுகம் நகரத்தில் அறுந்துபோனது. அதுதான் வித்தியாசம்.

சரி, வளர்ப்பதற்கு வருவோம். வடசென்னையில் இதற்கு எதிரி மூன்று: உப்புத் தண்ணீர், தேங்கிய தண்ணீர், பொதுமாடி. மூன்றாவதைக் கடைசியில் சொல்கிறேன்.

ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை எல்லாம் அடியில் கடல் மணல். மணல் காந்தளுக்குப் பிடிக்கும். போர் தண்ணீர்தான் உப்பு. மெட்ரோ வாட்டர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீரை ஊற்றினால் இலை நுனி கருகாது. மாதவரம், வியாசர்பாடி பக்கம் களிமண். ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் இடுப்பு வரை நிற்கும் தெருக்கள் அங்கே உண்டு. தரையில் நட்டால் கிழங்கு அழுகிவிடும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் கீழ்த்தளத்து வாசலில் வைத்திருந்த ஒரு தொட்டியை நான் அப்படித்தான் இழந்தேன். மூன்று நாள் கழித்துத் தோண்டினால் கிழங்கு இருந்த இடத்தில் பழைய சோறு மாதிரி ஒன்று கிடந்தது. அதற்கப்புறம் மாடிதான்.

பெயின்ட் வாளி நல்ல தொட்டி. ஒரு அடிக்குக் குறையாத ஆழம், அடியில் விரல் நுழையும் அளவு ஏழெட்டு ஓட்டை. மீன் மார்க்கெட்டில் கழித்துப் போடும் தெர்மாகோல் பெட்டியும் உதவும். ஆனால் நான் அதைக் காந்தளுக்கு வைப்பதில்லை, ஏன் என்று கடைசியில் தெரியும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் சம அளவு. ஆடியில் முதல் நல்ல மழை பெய்ததும் நட வேண்டும். கிழங்கைப் படுக்க வைத்து, மேலே நான்கு விரல் மண். நுனி கவனம். ஒவ்வொரு கைக்கும் நுனியில் ஒரே ஒரு முளைதான். அது உடைந்தால் அந்தக் கை அவ்வளவுதான், உருளைக்கிழங்கு மாதிரி வேறு கண்ணில் இருந்து முளைக்காது. வெட்டி நடலாம் என்று கத்தியை எடுத்துவிடாதீர்கள்.

மூன்று நான்கு வாரத்தில் பேனா மாதிரி ஒரு முளை வரும். வந்தால் நிற்காது, ஆறடி, எட்டடி சர்வசாதாரணம். ஏறுவதற்கு எது கொடுக்கிறோம் என்பது முக்கியம். அவரை, முல்லை போலத் தண்டாலேயே சுற்றி ஏறுகிற கொடி இல்லை இது. இலையின் நுனியே பற்றுக் கம்பியாகச் சுருண்டு எதிரில் இருப்பதைப் பிடிக்கும். அந்தச் சுருள் சிறியது. தடித்த மூங்கிலைச் சுற்ற அதற்கு எட்டாது. மெல்லிய கம்பியோ நூலோ வேண்டும். எங்களுக்கு இதில் ஒரு வசதி. காசிமேட்டில் கிழிந்து கழித்த நைலான் வலை ஒரு ஆள் உயரத்துக்குக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். இரண்டு கழிக்கு நடுவில் அதைக் கட்டிவிட்டால், ஒவ்வொரு இலையும் ஒரு கண்ணியைப் பிடித்துக்கொண்டு மேலே போவதை நாள் தவறாமல் பார்க்கலாம். காலையில் காற்றில் தடவிக்கொண்டிருந்த நுனி, சாயங்காலம் முடிச்சுப் போட்டிருக்கும். மீனைப் பிடித்த வலையை இப்போது செடி பிடித்துக்கொண்டிருக்கிறது.

வெயில் நன்றாக வேண்டும். தண்ணீர் மண் காய்ந்த பிறகு. புரட்டாசியில் மொட்டு வைத்து கார்த்திகை வரை பூக்கும். ஒரு பூ ஒரு வாரம் நிற்கும்.

பூச்சி என்று பார்த்தால் ஒன்று உண்டு, அது பார்க்க வேண்டிய பூச்சி. கறுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளி, நடுவே சிவப்புப் புள்ளி. அட்டகாசமான அலங்காரத்தோடு ஒரு புழு. பாலிடெலா என்ற அந்துப்பூச்சியின் குட்டி. நாம் அஞ்சுகிற இலையை அது முள்ளங்கிக் கீரை மாதிரி மேயும். ஒளிந்துகொள்ளாது. இலை நுனியில் நடுப்பகலில் உட்கார்ந்திருக்கும். விஷத்தைத் தின்பவனுக்கு யாரைப் பார்த்து பயம்? நான் மருந்து அடிப்பதில்லை, இடுக்கியால் எடுத்துவிடுகிறேன். ஒருமுறை கவனிக்காமல் விட்டு நான்கு நாளில் கொடி வெறும் தண்டானது.

கிழங்கு எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். ஏதோ காட்டோரம் பார்த்தேன் என்று தோண்டி எடுக்க வேண்டாம். மருந்துக்காகத் தோண்டித் தோண்டியே பல இடங்களில் இது அருகிவிட்டது. ராசப்பா செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளில் காய்ந்த கிழங்கு கிடைக்கலாம், அது முளைக்காது. அதை வாங்கி வீட்டிலேயே சுத்தி செய்து, அதாவது விஷத்தைக் குறைத்து, கஷாயம் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சித்த மருத்துவத்தில் இதற்கு இடமுண்டு. ஆனால் அதைச் சுத்தி செய்கிறவர் படித்தவராக இருக்க வேண்டும், வீடியோ பார்த்தவராக அல்ல. நடுவதற்கு, சாகுபடி செய்கிறவர்களிடமிருந்து வருகிற கிழங்குதான் சரி.

ஆமாம், இதைச் சாகுபடி செய்கிறார்கள். திருப்பூர் மாவட்டத்தில் தாராபுரம், மூலனூர், திண்டுக்கல்லில் ஒட்டன்சத்திரம், அந்தப் பக்கம் கரூர், அரியலூர், நாகை வேதாரண்யம். ஏக்கர் கணக்கில் கம்பிப் பந்தலும் கிளுவைக் குச்சியும் நட்டு, கொடியை ஏற்றுகிறார்கள். விற்பது விதையை, வாங்குவது மருந்து மூலப்பொருள் எடுக்கும் கம்பெனிகளும் ஏற்றுமதியாளர்களும். சூல்தண்டு மடங்கி நிற்கிறது என்று சொன்னேன் இல்லையா, அதற்காகக் காலை வேளையில் ஆட்கள் வரிசை வரிசையாகப் போய், ஒரு பூவின் மகரந்தத்தை இன்னொரு பூவின் சூல்முடியில் கையால் தொட்டு வைக்கிறார்கள். பூவுக்குப் பூ. நம் தேசத்து விவசாய வேலைகளிலேயே இதைவிடப் பொறுமையான வேலை குறைவு. ஐந்தாறு மாதம் கழித்துக் காய் பறித்துக் காயவைத்து உடைத்தால் ஆரஞ்சு நிற விதை. விலை ஒரு வருஷம் தூக்கும், ஒரு வருஷம் தள்ளும். வியாபாரி சொல்வதுதான் விலை என்பது அந்தப் பக்கத்து விவசாயிகளின் நீண்ட நாள் புகார்.

அந்த விதையில் இருந்து எடுப்பது கௌட் மாத்திரையோடு முடியவில்லை. 2023-ல் அமெரிக்காவில் மாரடைப்பு ஆபத்தைக் குறைக்கவும் இதே 0.5 மில்லி கிராம் அளவு கோல்ச்சிசினுக்கு அனுமதி கொடுத்தார்கள். விதையில்லாத தர்பூசணிக்குப் பின்னாலும் இதுதான் இருக்கிறது. செல் பிரிய வந்து கயிறு இல்லாமல் நின்றுவிட்டால் குரோமோசோம்கள் இரட்டிப்பாகி ஒரே செல்லில் தங்கிவிடும் அல்லவா? 1937-ல் அதைச் செடிகளில் செய்து காட்டினார்கள். அப்படி இரட்டித்த செடியோடு சாதாரணச் செடியைச் சேர்த்துக் கிடைக்கும் விதையை நட்டால், அந்தக் கொடியில் வருகிற பழத்தில் விதை முற்றாது. ஆளைக் கொல்கிற அதே வேலை, பழத்தில் விதையை நீக்குகிறது.

இப்போது மூன்றாவது எதிரி. பொதுமாடி.

மார்கழி கடைசியில் இலை மஞ்சளாகும். தையில் கொடி முழுக்க வைக்கோல். அப்போது தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். பழைய கிழங்கு சுருங்கி ஒன்றுமில்லாமல் போயிருக்கும். அதன் இடத்தில் புதிதாக ஒரு ஜோடி உருவாகித் தூங்கும். தையில் இருந்து ஆடி வரை வாளியில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. வெறும் மண். ஒண்டுக் குடித்தனத்தில் காலியாகக் கிடக்கும் வாளிக்கு யாராவது ஒரு வேலை கண்டுபிடிப்பார்கள். கீரை விதைப்பார்கள், துளசி நடுவார்கள், வீட்டைக் காலி செய்து போகிறவர் மண்ணை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போவார். மண்ணைக் கொட்டும்போது கிழங்கு வரும். தெர்மாகோல் பெட்டியில் இதை வைக்க வேண்டாம் என்று சொன்னதும் அதனால்தான். எங்கள் பக்கம் அந்தப் பெட்டியில் வளர்வது சேப்பங்கிழங்கு, இஞ்சி, மஞ்சள், கருணை. பெட்டியைப் பார்த்தாலே சாப்பிடுகிறது என்று கை போகும்.

அதனால் நான் இப்போது செய்வது: கொடி காய்ந்த வாரத்திலேயே கிழங்கைத் தோண்டி எடுத்துவிடுகிறேன். மண்ணைத் தட்டி, நிழலில் இரண்டு நாள் உலர்த்தி, காய்ந்த மணல் நிரப்பிய மூடி போட்ட டப்பாவில் வைக்கிறேன். டப்பா சமையலறையில் இல்லை. படிக்கட்டுக்கு மேலே டூல்ஸ் வைக்கிற பலகையில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில். எண்ணி வைக்கிறேன். எடுத்தது எத்தனை என்று காலண்டரில் எழுதுகிறேன். வாளி மண்ணை அப்படியே விடாமல் சலிக்கிறேன், முறிந்த துண்டுகூட மிச்சமிருக்கக் கூடாது. காய் பிடித்தால் பச்சையாக இருக்கும்போதே கிள்ளிவிடுகிறேன்; பழுத்து வெடித்தால் உள்ளே இருக்கும் ஆரஞ்சு விதை மிட்டாய் மாதிரி இருக்கும். கிள்ளிய காய், காய்ந்த கொடி எதையும் தெருவில் போடுவதில்லை. எங்கள் தெருவில் ஆடு குப்பைத் தொட்டியைத்தான் முதலில் பார்க்கும்.

தவழ்கிற குழந்தையோ, கிடைத்ததை வாயில் வைக்கிற வயதுப் பிள்ளையோ இருக்கிற வீடு என்றால் இரண்டு மூன்று வருஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாபக மறதி வந்த பெரியவர்கள் சமையலறைக்குப் போகிற வீட்டிலும் வேண்டாம். மண்ணைக் கிளறுகிற நாய் இருந்தாலும் யோசியுங்கள். இதற்கெல்லாம் வழியில்லாதவர்கள் சங்குப்பூ வைக்கலாம். அதுவும் அழகுதான், டீயும் போடலாம்.

அக்கா அந்தப் பங்குனிக்கு அப்புறம் ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஐப்பசியில் பூ வந்தபோது, மகளைக் கூட்டிக்கொண்டு வந்து வலையின் முன்னால் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். “முருகனுக்கு ஒண்ணு வைக்கலாமா தம்பி?” என்றார். வைக்கலாம், சாமி படத்தில் வைப்பதற்கு ஒன்றுமில்லை என்றேன். ஒன்று பறித்துக்கொண்டார். அவர் வீட்டில் கதவுக்கு அடித்த எனாமல் பெயின்ட் கொஞ்சம் மிச்சமிருந்தது. மறுநாள் நான் மேலே போனால், என் வாளியின் நான்கு பக்கமும் சிவப்பில் அவருடைய மகளின் கையெழுத்து. பிளாஸ்டிக்கில் நேராகவே எழுதிவிட்டாள், அட்டை கிட்டை எதுவும் இல்லை:

‘உள்ளே விஷக் கிழங்கு. செடி இல்லன்னாலும் கிழங்கு இருக்கும். கீரை போடாதீங்க.’